பூவில்லாத அசேலியா

தை மாதத்து வெயில் இன்னும் மூடுபனியைக் கலைக்கவில்லை. மலை மேலே, ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்துப் பக்கத்து நர்சரியில், பச்சை வலைப் பந்தலின் கீழ் அசேலியாத் தொட்டிகள் சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்குகின்றன. வீராயி அவற்றை ஏறிட்டும் பார்க்காமல், வேலியோரம் வெட்டவெளியில் கிடக்கும் தொட்டிகளிடம் போய்க் குந்துகிறாள். அவற்றில் ஒரு பூவும் இல்லை. குளிர் பட்ட இலைகள் செம்பு நிறமாகி, நுனிகளில் ஈரம் சொட்ட நிற்கின்றன. எஸ்டேட் பங்களாத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் மண் கிளறிய விரல் ஒரு தண்டை நகத்தால் லேசாகக் கீறுகிறது. உள்ளே பச்சை. “ஏனுங்கக்கா, பூத்தது அத்தனை இருக்குதுங்க, அதைப் பாருங்க,” என்கிறான் நர்சரிக்காரன் பாலகுமார். “அது வலைக்குள்ள சொகுசா வளந்ததுங்க தம்பி. மேட்டுல வெச்சா ஒரு பனிக்குத் தாங்காது. இது வெளிய நின்னு பழகுனது.” தொட்டியின் அடியில் ஒட்டிய சேற்றை முந்தானையால் துடைத்துவிட்டு, அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். பாலகுமார் வழக்கம்போலக் கை நீட்டுகிறான். “குடுங்க, தனியா எடுத்து வெக்கறேன். மத்தியானம் பங்களா ஜீப் வந்தா ஏத்தி உட்டர்றேன்.” வீராயி கொடுக்கவில்லை. தொட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொள்கிறாள். இலை ஈரம் அவள் கன்னத்தில் படுகிறது.

“ஜீப் வேண்டாங்க. பஸ்ஸுல மடியிலயே வெச்சுட்டுப் போயிக்கறேன். இது எங்க ஊட்டு வாசலுக்குங்க.”