கை மாறும் நேரம்

அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரத்து ரசாயன ஆலைக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர் லெமாருக்கு ஒரே கவலை. காலையில் ஷிப்ட் மாறும்போது மற்ற ஆபரேட்டர்கள் ஐந்து நிமிடத்தில் பொறுப்பை ஒப்படைத்துவிடுவார்கள். ஓடெட்டும் ரிமியும் மட்டும் கண்ட்ரோல் ரூமில் அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். கோபத்தில் ஒரு வால்வைப் பற்றிச் சொல்ல மறந்தாலும் விபத்துதான்.

"மூணாவது பம்ப் சூடாகுது. உன்னை மாதிரியே, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குது," என்றாள் அன்று இரவு ஷிப்ட்டை முடித்த ஓடெட்.

"ராத்திரி பூரா நீ திட்டினா அது என்ன பண்ணும், பாவம்," என்றான் ரிமி.

லெமார் அருகில் வந்தார். "போதும். இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்காத மாதிரி ஷிப்ட்டை மாத்திடறேன்."

ஓடெட் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"அது மட்டும் வேண்டாம், லெமார். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாற்காலி. நான் வீட்டுக்குப் போனா இவன் இங்க இருக்கான், இவன் வீட்டுக்குப் போனா நான் இங்க இருக்கேன். வேலை நாள்ல புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கறதே இந்த அரை மணி நேரம்தான்."

லெமார் இருவரையும் பார்த்தார். காபி எடுத்துவரப் போவதாகச் சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்தார்.