ஏழாவது வார்டின் கடைசிப் பக்கம்

வார்டிலேயே அதிகப் புத்தகங்களைக் கடைசிப் பக்கம்வரை படித்தவரே அந்த வருஷத்து நூலக அறங்காவலர். மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஒருவருமே எதையும் முடிக்காவிட்டால் பழைய ஆளே தொடர வேண்டும். யார் முடித்தார்கள் என்பதைப் புத்தகமே நூலகத்துக்குச் சொல்லிவிடும்.

அதனால் ஏழாவது வார்டில் எல்லோரும் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, பூரணியிடம் வந்து முடிவைக் கேட்டுக்கொண்டு போவார்கள். ஆசையை அடக்கத் தெரியாத பூரணி மூன்று வருஷமாக அறங்காவலர். ஒழுகும் கூரை, கக்கூஸ் சாவி, மின்விசிறிச் சண்டை எல்லாம் அவள் வாசலுக்குத்தான் வரும். இந்த வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றைக்கூட அவள் முடிக்கவில்லை.

கணக்கு முடிகிற நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு எஸ்தர் வந்தாள்.

"அக்கா, அந்தப் படகுக்காரி கதையில, கடைசியில அவ கரைக்கு வந்துட்டாளா?"

பூரணிக்கும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"செத்துப்போயிட்டா," என்றாள் அலுப்போடு.

"அவளா? இருக்கவே இருக்காது!" எஸ்தர் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"பொய் சொல்லிட்டீங்களேக்கா! அவ உசுரோடதான் இருக்கா!" பிறகு, மெதுவாக, "அய்யய்யோ..."

பூரணி காலை நீட்டிப் படுத்தாள். கண்ணை மூடினால் படகுதான் வந்தது. நடுக்கடலிலிருந்து அவள் எப்படித் தப்பித்தாள்? அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி அவள் தலைமாட்டிலேயே கிடந்தது. திறக்கப் பயமாக இருந்தது. முடிவைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இனி தன்னோடு பேச மாட்டாள்.