கருப்பட்டிக்கு வைத்த பொட்டு

கையைக் குழாய்க்கு அடியில் நீட்டியபடியே நின்றாள். சோப்பு நுரை மணிக்கட்டில் வழிந்து போனது. கையை வெளியே எடுக்கும்போதெல்லாம் இரண்டு புள்ளிகளில் ரத்தம் துளிர்த்தது.

பெரிய காயமில்லை.

அப்படி வேறு யாராவது சொன்னால் முதலில் சண்டைக்குப் போகிறவள் அவள்தான். நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சின்னதாகப் பல் பட்டாலும் மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தெருத்தெருவாக மைக் பிடித்துப் பேசியவள்.

கழுவியாயிற்று.

மறைப்பதுதான் பாக்கி.

வெளியே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பிள்ளையார் கோயில் முன்னால் குடியிருப்போர் சங்கக் கூட்டம். தெருநாய்கள் இங்கேயே இருக்கலாமா, வண்டி வைத்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று இன்றைக்கு முடிவு செய்யப் போகிறார்கள். அதற்குள் எல்லா நாய்களுக்கும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்றுதான் அவளும் அவளோடு சேர்ந்த நாலைந்து பேரும் காலையிலிருந்து வெயிலில் அலைந்தார்கள். ஊசி போட்ட நாயின் நெற்றியில் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு. பொட்டு வைத்த நாயைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். மைக்கில் அதையும் சொல்லியிருந்தாள்.

கடைசியாக மிஞ்சிய நாய் கருப்பட்டி.

லாரிக்கு அடியில் பதுங்கியிருந்ததை அவள்தான் கொஞ்சிக் கொஞ்சி வெளியே கொண்டுவந்தாள். ஸ்பிரிட் வாசனை பட்டதும் அதன் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. குழந்தைக்கு விளையாட்டுக் காட்டி மருந்து புகட்டுவதுபோல, பெயிண்டைத் தொட்டு முதலில் பொட்டை வைத்துவிட்டாள். நெற்றியைத் தடவினால் அடங்கிவிடும் என்று ஒரு நினைப்பு. ஊசிக்குப் பிறகுதான் பொட்டு என்று மற்றவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தவள், அன்பு மிஞ்சி மறந்துபோனாள்.

கூட வந்த செபாஸ்டின் ஊசியோடு குனிந்ததும் அது திமிறியது. அவள் மணிக்கட்டில் சுருக்கென்றது. அடுத்த நொடி வேலி இடுக்கில் நுழைந்து ஓடியே போய்விட்டது.

"விடுங்கக்கா, நாளைக்குப் புடிச்சுப் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவன் ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான். அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டதை அவன் பார்க்கவில்லை.

பயத்தில்தான் கடித்தது. வேறொன்றும் இருக்காது.

நேற்று வைத்த சோற்றைத் தின்றதா? தின்றது. தண்ணீர் குடித்ததா?

அதை அவள் கவனிக்கவில்லை.

நாளைக்கு விடிந்ததும் சத்தமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். கருப்பட்டியையும் பிடித்துவிடலாம். இன்றைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தெருவிலுள்ள அத்தனை நாய்களும் பிழைத்துப்போகும். ஒரு சாயங்காலம்தானே என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள்.

கையைத் துடைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

கூட்டம் கூடிவிட்டது. நடுவில் சங்கச் செயலாளர் வெள்ளியங்கிரி நின்றிருந்தார். நாய் என்றால் அவருக்கு ஆகாது. பேத்தியை ஒருமுறை நாய் துரத்தியதிலிருந்து குச்சியில்லாமல் வாசலைத் தாண்டாத மனிதர். அவள் சோறு வைக்கும் தட்டைச் சாக்கடையில் வீசியவர். அவரோடு வாதாடி வாதாடி அவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இன்று அவர் கையில் குச்சியில்லை. பேத்தியின் விரல் இருந்தது.

அவர்களுக்கு எதிரே கருப்பட்டி நின்றிருந்தது. எப்போது திரும்பி வந்ததோ தெரியவில்லை. நெற்றியில் மஞ்சள் பொட்டு பளிச்சென்று இருந்தது.

"பாருங்க கண்ணு, பொட்டு வெச்சிருக்குது. இனி ஒண்ணும் பண்ணாது" என்றார் பேத்தியிடம். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஊசி போட அம்மிணி இத்தனை பாடுபட்டிருக்குது. நாமளும் கொஞ்சம் எறங்கி வரோணுமில்லீங்க."

யாரோ சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். தட்டை எறிந்தவரே இறங்கி வந்த பிறகு எதிர்த்துப் பேச அங்கே ஆளில்லை. நாய்கள் இங்கேயே இருக்கும். இத்தனை காலம் அவள் கேட்டது கிடைத்துவிட்டது.

அவள் முந்தானையைக் கையோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பேத்தி தாத்தாவின் வேட்டியை ஒரு கையால் பற்றிக்கொண்டு மறு கையை நீட்டினாள்.

கருப்பட்டி அசையவில்லை. காதுகள் பின்னால் படிந்திருந்தன.

குழந்தைக்கு அந்தப் பொட்டு பிடித்திருக்க வேண்டும். விரல் அதை நோக்கித்தான் போனது.

"தொடாதே பாப்பா."

தன் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

குழந்தை கையை இழுத்துக்கொண்டது. வெள்ளியங்கிரி திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். இன்னும்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் முந்தானையை விலக்கிக் கையை வெளியே எடுத்தாள்.

"பொட்டு மட்டுந்தாங்க வெச்சேன். ஊசி போடலை."

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. ஒன்று கவிழ்ந்தது. வெள்ளியங்கிரி பேத்தியை வாரித் தூக்கிக்கொண்டார். ஒருவர் கல்லைத் தேடினார். வண்டிக்காரனுக்கு உடனே போன் போடச் சொன்னார் இன்னொருவர்.

ஆட்கள் விலகிய இடத்தில் கருப்பட்டி தனியாக நின்று விழித்தது. யார் முகத்தைப் பார்ப்பதென்று அதற்குத் தெரியவில்லை.

பிறகு அவளைப் பார்த்துவிட்டது.

வாலை ஆட்டிக்கொண்டு நேராக அவளிடம் வந்தது.

அவள் கால் தானாக ஓர் அடி பின்னால் போனது.