இரண்டாவது சத்தம்

புது ஸ்கேன் மெஷினைச் சரிபார்க்க ஒரு தலை வேண்டும். முறைப்படி இன்று ரேடியோவின் தலை.

ரேடியோ என்பது கூட வேலை பார்க்கும் பையனின் பட்டப்பெயர். அவனுக்கு வாயை மூடத் தெரியாது. பல்லில் கம்பி கட்டியிருக்கிறேன், படம் கெட்டுவிடும் என்று நைசாக நழுவி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.

பதினெட்டு வருடமாக ஊரையே ஸ்கேன் பலகையில் படுக்க வைத்தவள், தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே படுத்தாள்.

"மூளை இருக்கான்னு பாத்துச் சொல்றேன்க்கா," என்றான் மைக்கில்.

டொக் டொக் டொக் என்று முதல் சத்தம். சரிபார்க்க அது ஒன்றே போதும். நாலு நிமிடத்தில் நின்றது.

அடுத்த கிண்டலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

இரண்டாவது சத்தம் தொடங்கியது. விடாமல் இழுக்கும் ரீங்காரம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள், அது ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சத்தம்.

எதையாவது பார்த்தாலொழிய அதைப் போட மாட்டார்கள்.



எங்கே பார்த்திருப்பான்? குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில்தான். அங்கேதான் ரத்தம் வந்து மோதும். வருடக்கணக்கில் மோதி மோதிச் சுவர் நைந்து, மொட்டு மாதிரி வெளியே புடைக்கும். பெரும்பாலும் வலிக்காது. புடைக்கப் புடைக்கச் சுவர் மெலியும். பல பேருக்கு ஆயுசு முழுக்க அப்படியே கிடக்கும். சிலருக்கு ஒருநாள், எதையாவது தம் பிடித்துத் தூக்கும்போது, வெடித்துவிடும்.

அம்மா ஈரப் போர்வையைத் தூக்கிக் கொடியில் போடும்போதுதான் விழுந்தாள். மாரடைப்பு என்றார்கள். எந்தப் படிவத்தில் கேட்டாலும் அவளும் அப்படித்தான் எழுதுவாள்.

அசையக் கூடாது. அசையாமல் கிடந்தாள்.

சத்தம் நின்று, பலகை வெளியே வந்தது. வழக்கமாக மைக்கிலேயே விரட்டும் ரேடியோ, கதவைத் திறந்து உள்ளே வந்தான். கையைப் பிடித்து மெதுவாக எழுப்பினான். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"டாக்டர் சொல்வாங்கக்கா."

படம் பிடிக்கிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. இந்த வாக்கியத்தை அவளே ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு கணம் அவன் மேல் கோபம் வந்தது. அவன் குனிந்து அவள் செருப்பைக் காலருகே எடுத்து வைத்ததும் பாவமாகிவிட்டது.

வெளியே வந்து, தோட்டைக்கூட மாட்டாமல், போனில் தங்கையை அழைத்தாள். அம்மா விழுந்தபோது பக்கத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான். அப்போது ஆறு வயது.

"அம்மா நெஞ்சைப் பிடிக்கல, தலையத்தான் பிடிச்சாங்கன்னு அன்னிக்கு அப்படி அழுதியே, யாரும் நம்பல. நானும் அதட்டி உக்கார வச்சேன். நீ சொன்னதுதான்டி சரி. அது குடும்பத்துல வழிவழியா வரும். நாளைக்கே கிளம்பி வா, உனக்கும் ஒரு படம் எடுக்கணும்."