முதலில் கப்பல்

மொட்டை போட்டுப் பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. அன்று மூடிய வாயை மணிமாறன் இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

கேட்டால் பதில் வரும். தட்டில் போட்டால் சாப்பிடுவான். அவ்வளவுதான். பத்து வயதில் வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்த பையன்.

"மதுரைக்குத்தான போற, அவனையும் கூட்டிட்டுப் போடா. நாலு வார்த்தை பேச வச்சுட்டாப் போதும்" என்று தன் தம்பி ஒச்சப்பனிடம் சொல்லி அனுப்பினாள் மணிமாறனின் அம்மா சண்முகவள்ளி.

ஒச்சப்பன் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுகிறவன். மதுரையில் தாமிரக் கம்பி வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திண்டுக்கல் நாகல் நகர் கடைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

வாடிப்பட்டி தாண்டியதும் மரங்களுக்கு மேலே தீம் பார்க்கின் ராட்டினம் தெரிந்தது. மணிமாறன் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, அது மறையும்வரை கழுத்தைத் திருப்பினான்.

இத்தனை நாளில் அவன் எதையும் அப்படிப் பார்க்கவில்லை.

"ஏலே, எந்திரி. இறங்குவோம்!"

மதுரைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு நடுவழியில் இறங்குகிற ஆளை நடத்துனர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பையனின் தலையைத் தடவினார்.

"பழனியா தம்பி?"

"ஆமாண்ணே" என்றான் ஒச்சப்பன்.

மணிமாறன் மாமாவை நிமிர்ந்து பார்த்தான்.

திண்டுக்கல் பக்கம் மொட்டைத் தலையைக் கண்டால் யாருக்கும் வேறு ஊர் நினைவுக்கு வராது.

இந்த இடத்துக்கு வருவதற்கு மணிமாறனின் அப்பா இரண்டு வருடமாகத் திட்டம் போட்டிருந்தார். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் வேலை. முகூர்த்த நாளில் அசைய முடியாது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, அரையாண்டு லீவும் அப்போதுதான். ஆகவே மார்கழி. முதல் பஸ். வெறும் வயிற்றோடு முதலில் ஊஞ்சலாடும் கப்பல், இல்லாவிட்டால் குடலைப் புரட்டும். அப்புறம் ராட்டினம். வெயில் ஏறிய பிறகு தண்ணீர். தலையைத் துவட்டிவிட்டுப் புளிச்சோறு.

அப்பாவும் மகனும் பாயில் படுத்துக்கொண்டு இதைப் பாடம் போல ஒப்பிப்பார்கள்.

ஒரு மார்கழியில் சண்முகவள்ளிக்கு டைபாய்டு. அடுத்த மார்கழியில் முதலாளி சபரிமலைக்குப் போய்விட்டார்.

"மல்லிகை மலர்றதுக்கே நாள் குறிப்பீங்க மச்சான் நீங்க" என்று ஒச்சப்பன் கேலி செய்வான்.

"ஒனக்கென்ன அப்பு, காத்தடிச்ச பக்கம் போறவன்" என்று அவரும் சிரிப்பார்.

இது பங்குனி. வியாழக்கிழமை. மணி பதினொன்றே முக்கால். வயிறு நிறைய இட்லி. கையில் ஒரு துண்டுகூட இல்லை.

டிக்கெட் கொடுத்த பெண்ணும் பழனியா என்று கேட்டாள். வாசலில் நின்ற காவலாளியும் கேட்டார். ஆமாம் என்று சொல்வது எளிதாக இருந்தது. காவலாளியிடம், "போன வருசத்து வேண்டுதல்" என்று சேர்த்துக்கூடச் சொன்னான் ஒச்சப்பன்.

ஒவ்வொரு தடவையும் பையன் நிமிர்ந்து பார்த்தான்.

ஏதோ கல்லூரியிலிருந்து இரண்டு பஸ் வந்திருந்தன. கப்பலுக்கு வரிசை பாம்பாக நீண்டு கிடந்தது. பக்கத்திலேயே ராட்டினம் பாதி காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வாடா, ஆளு இல்லாததுல ஏறுவோம்."

"கப்பல்தான் மொதல்ல."

பத்தொன்பது நாளில் அவன் மறுத்துப் பேசியது இதுதான் முதல் தடவை. ஒச்சப்பனுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது.

"அந்தா பாரு, தண்ணிக்குள்ள பிள்ளைக எப்படிக் குதிக்குதுக."

"அது வெயில் ஏறினப்புறம்."

"இன்னும் எம்புட்டுடா ஏறணும்? மண்டையப் பொளக்குது!"

"கப்பல் முடிஞ்சாத்தான்."

எதைக் காட்டினாலும் பையன் இறங்கி வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. யாரோ பரீட்சை வைத்த மாதிரி நின்றான். ஒச்சப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உங்கப்பா இங்க வந்தா பாக்க..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

போய் வரிசையில் நின்றான். மணிமாறன் மாமாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

முன்னால் ஒரு பெண், இடுப்பில் நாலு வயதுக் குழந்தையோடு நின்றாள். குழந்தைக்கும் மொட்டை. பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"இந்தா பாரு பாப்பா, நம்ம கட்சியில ஒரு அண்ணன்!"

குழந்தை கையை நீட்டி மணிமாறனின் தலையைத் தொட்டது. முளைவிட்டிருந்த முடி குத்தியதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு சிரித்தது.

மணிமாறனின் உதடு லேசாக அசைந்தது. ஒச்சப்பன் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தான்.

"எங்களுக்கு விருதுநகர் தம்பி. நேத்துத்தான் பழனியில முடி எறக்குனோம். இவளுக்குக் காய்ச்சல் வந்து, பொழைக்காதுன்னுட்டாங்க. அப்ப நேர்ந்துக்கிட்டது" என்றாள் அந்தப் பெண். "ஒனக்கு என்னப்பா வேண்டுதல்?"

ஒச்சப்பன் வாயெடுத்தான். இவனுக்கும் காய்ச்சல் என்றே சொல்லிவிடலாம்.

சட்டை நுனியைப் பிடித்திருந்த கை விலகியது.

"பழனி இல்லக்கா" என்றான் மணிமாறன். "எங்கப்பா செத்துட்டாரு. நாந்தான் கொள்ளி வச்சேன்."