முதல் அம்புக்குறி

“நேத்து ஒரே ஒரு பஸ் லேட்டு. ஊர் பூரா நாறிப்போச்சு!”

டெப்போ மேனேஜர் கரும்பலகையில் ஓங்கித் தட்டினார். முந்தின நாள்தான் ‘கேயாஸ் தியரி’ பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். இன்னும் சூடு ஆறவில்லை.

“இத்துனூண்டு தப்புதான்யா பெரிய குழப்பமா வெடிக்கும். அந்த முதல் தப்பு எங்கேன்னு தேடிப் பிடிக்கணும். இன்னிக்குப் பிடிக்காம விடறதில்ல!”

பிடித்தால் யாரோ ஒருத்தர் பிழைப்பில் மண் விழும். ஊழியர்கள் நாங்கள் எல்லாரும் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் ஒண்டினோம்.

பலகையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். “டிரைவர்! வண்டியை ஏன்யா எடுக்கல?”

“டயர் மாத்தல சார். எப்படி எடுக்கறது?”

“எடுக்க மனசில்லாதவனுக்கு டயர் ஒரு சாக்கு! சஸ்பெண்ட் பண்ணினாத்தான் புத்தி வரும்.”

டிரைவருக்கு முகம் செத்துப்போனது. ரிட்டயர் ஆகப்போகிற வயசு.

பின்வரிசையிலிருந்து மெக்கானிக் முன்னால் வந்தார். வருஷக்கணக்காகத் தற்காலிக ஆள். நிரந்தரமாக்கும் ஆர்டர் மேனேஜர் கையெழுத்துக்குத்தான் காத்திருந்தது. பேசாமல் நின்றிருக்கலாம். பாழாய்ப்போன மனசு, கேட்டால்தானே!

“அண்ணன் மேல தப்பில்ல சார். டயர் மாத்த வேண்டியது நான். அப்ப நான் ஷெட்ல இல்ல.”

“அப்படி வா வழிக்கு!” டிரைவரிடமிருந்து மெக்கானிக்குக்கு ஒரு அம்புக்குறி பாய்ந்தது. “எங்கேய்யா போய்த் தொலைஞ்சே?”

“அது வந்து சார்...” என்று இழுத்தார் மெக்கானிக்.

“மென்னு முழுங்காம சொல்லு!”

“உங்க வீட்டுக்குத்தான் சார். கார் கிளம்பல, பயிற்சிக்கு நேரமாச்சு, போட்டது போட்டபடி வான்னு நீங்கதானே போன் பண்ணினீங்க?”

ஒரு கண்டக்டர் சிரிப்பை இருமலாக்கி வெளியே விட்டார்.

மேனேஜர் டஸ்டரை எடுத்தார். வட்டம், அம்பு எல்லாம் போயே போச்சு.

“இங்கதான் நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும்.” குரலில் தேன் வழிந்தது. “இவ்வளவு பெரிய நிர்வாகத்துல எல்லாமே ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. இவராலதான்னு யாரையும் தனியா கைகாட்டவே முடியாது. அதான் தியரி. போங்க, போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க.”

அப்பாடா என்று டிரைவர் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். கலைந்து வாசல் வரை வந்துவிட்டோம்.

“மெக்கானிக், நீ மட்டும் நில்லு.”

நின்றார்.

“டூட்டி நேரத்துல யார்கிட்டயும் சொல்லாம கொள்ளாம ஷெட்டை விட்டுப் போயிருக்கே. நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”