அறுநூறு பொத்தான்கள்

மதிய வெயில் கண்ணாடிக் கதவு வழியாக வந்து பொத்தான் டப்பாக்களின் மேல் படுத்திருக்கிறது. கடையின் இணையதளத்தில் படங்களை ஒவ்வொன்றாக ஏற்றுகிற பாடு இன்றோடு தீருமா என்று மாமியாரும் மருமகளும் பார்க்கிறார்கள். எல்லாப் படங்களையும் ஒரே தடவையில் ஏற்ற, மருமகள் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு புது வசதி செய்திருக்கிறாள். தேறாவிட்டால் வேலை வெளியாளுக்குப் போகும் என்று மாமியார் முன்பே சொல்லிவிட்டாள். அறுநூறு படங்களையும் மொத்தமாக இழுத்துப் போடுகிறாள் மருமகள். பச்சைக் கோடு நகர்கிறது. தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்று, பேரத்தில் கடைசிக் காசுக்குத் தயங்குபவன்போல் யோசித்து, பிறகு முடிகிறது. முதல் வரிசை பளிச்சென்று நிற்கிறது.

"மேல இருக்கறது எல்லா மூட்டையிலயும் நல்லாத்தாம்மா இருக்கும். நடுவுல கைய விடு," என்கிறாள் மாமியார். முந்நூற்றுப் பதினேழாம் படம் திறக்கிறது. அந்த எண் ஒட்டிய டப்பாவிலிருந்து மாமியார் ஒரு கிளிஞ்சல் பொத்தானை எடுத்துத் திரையோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறாள். நாலு துளை, ஓரத்தில் நீலக் கீற்று, எல்லாம் அச்சு அசல். "படத்து ஓரத்துல என் கட்டைவிரல் விழுந்திருக்கே," என்கிறாள். குறை சொல்பவர்தான் வாங்குவார் என்பது மருமகளுக்கும் தெரியும். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள்.

எட்டிப் பார்த்த எதிர்க்கடை ஜிப் வியாபாரி வாய்பிளக்கிறார். "எந்தக் கம்பெனி செஞ்சு குடுத்துச்சுக்கா? நமக்கும் பேசி முடிச்சுக் குடுங்களேன்."

மாமியார் மருமகளின் தோளில் கைவைக்கிறாள். "கம்பெனியா? எங்க வீட்டுப் பொண்ணு செஞ்சது. விலைக்கு இல்ல தம்பி."

முப்பது வருடமாக எதைக் கேட்டாலும் ஒரு விலை சொல்லிப் பழகிய வாய் அது.